நம்பரை விடுங்கோ, இதயத்தைப் பாருங்கோ



போன எபிசோட்டின் கடைசிப் பத்து நிமிசத்தில் நாங்கள் கதைத்தது ஞாபகம் இருக்கும். சத்திர சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது நோயாளியின் பிரஷர் இறங்கப் போகிறது என்று சில நிமிசத்துக்கு முன்னமே எச்சரிக்கிற ஏஐ மென்பொருளைப் பற்றி. நானும் மைக்குக்கு முன்னால இருந்துகொண்டு "சும்மா சொல்லக்கூடாது, கலக்கிட்டாங்கள்" என்று புகழ்ந்துவிட்டேன். பிறகு எடிட் பண்ணும்போது திரும்பக் கேட்டால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. என்ன ஆய்வு, என்ன டேட்டா என்று ஒன்றையும் பார்க்காமல் கதைத்திருக்கிறேன். அதோட, அதே பிரச்சினைக்கு வேறொரு கருவியைப் பயன்படுத்தினதை என்ர கண்ணாலேயே பார்த்தவன் நான். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆகவே இந்தக் கிழமை முழுக்க அதுதான். என்ர கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். வயசான ஒருவருக்கு மயக்க மருந்து கொடுக்கிற நேரத்தில், பிரஷர் என்ற எண்ணை இன்னும் கெட்டித்தனமாக ஊகிக்கிறதுக்குக் காசு கொட்டுவதை விட, அந்த எண்ணுக்குப் பின்னால் இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்று அல்ட்ராசவுண்டால் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளை அந்த அறையில் வைத்திருப்பது மேல். ஏஐக்கும் இதில் வேலை இருக்கு. ஆனால் அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிற இடம்தான் பிழை.

போன வருசம் மாரி காலம். அம்மம்மாவுக்கு 84 வயசு. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு முறிந்துபோச்சு. பிரித்தானியாவில் இது அபூர்வமான கதை இல்லை. வருசத்துக்கு ஏறத்தாழ 70,000 வயசானவர்கள் இப்படி இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். முறிவு மட்டும் காரணம் இல்லை. அந்த வயசில், அந்த உடம்போட, ஒரு பெரிய சத்திர சிகிச்சையைத் தாங்க வேண்டியிருக்கு. அதுக்காகத் தள்ளிப்போடவும் ஏலாது. கிடக்கக் கிடக்க நியூமோனியா வரும், இரத்தம் கட்டிபடும். அதனால் 36 மணித்தியாலத்துக்குள் செய்துவிட வேணும் என்பது இங்கே ஆஸ்பத்திரிகளுக்கு வைத்திருக்கிற இலக்கு.

அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான். வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இந்த வேலை பழக்கமாக இருக்கும். ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்த இளம் டொக்டர், இதயத்தில் ஒரு இரைச்சல் கேட்குது என்றார். அந்த இரைச்சலுக்கு ஒரு காரணம், இதயத்தில் இருந்து பெருநாடிக்கு இரத்தம் வெளிக்கிடுகிற வால்வு சுண்ணாம்பு படிந்து ஒடுங்கியிருப்பது. வயசானவர்களில் இது அடிக்கடி இருக்கிற விசயம். அப்படி மோசமாக ஒடுங்கியிருந்தால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்வது ஆபத்து. ஏன் என்று கீழே வருகிறேன். இதயப் பிரிவில் முழு ஸ்கானுக்கு வரிசையில் நின்றால் ஒரு நாளாவது போகும். 36 மணித்தியாலக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கு.

அப்பத்தான் மயக்க மருந்து டொக்டர் வந்தார். ஒரு டாப்லெட், அதில் கொழுவின சின்ன ஸ்கான் கருவி, கொஞ்சம் ஜெல். அவ்வளவுதான். நெஞ்சில் ஜெல்லைப் பூசினதும் அம்மம்மா என்னைப் பார்த்து, "என்ன தம்பி, இந்த வயசில எனக்குப் பிள்ளை கிடைக்கப்போகுதோ எண்டு பாக்கிறாவோ?" என்றா. மொழிபெயர்த்துச் சொன்னேன். டொக்டரும் சிரித்துவிட்டார்.

பத்து நிமிசம்கூட எடுக்கவில்லை. வால்வு கொஞ்சம் தடித்திருக்கு, ஆனால் மோசமாக ஒடுங்கவில்லை. இதயம் நல்லாத்தான் பம்ப் பண்ணுது. பிறகு கருவியை வயிற்றின் மேல் பக்கம் கொண்டுபோய், உடம்பின் கீழ்ப் பகுதியில் இருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற பெரிய நாளத்தைக் காட்டினார். ஐ.வி.சி என்று சொல்லுவினம். அம்மம்மா மூச்சை இழுக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் தட்டையாகி ஒட்டிக்கொண்டது. "உடம்பில தண்ணி இல்லை," என்றார் டொக்டர். முதலில் மெதுவாகச் சேலைன் ஏற்றுவம், ஊசி மருந்தைக் குறைத்துப் போடுவம், கையில் நாடிக்குள் ஒரு மெல்லிய குழாய் வைத்து ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷரைப் பார்ப்பம் என்று திட்டம் சொன்னார்.

அதுக்குப் பிறகு கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "இவவின் வழமையான பிரஷர் என்ன?"

அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். "கொஞ்சம் கூட எண்டு குளிசை குடிக்கிறா." அவ்வளவுதான். எண் ஒருவருக்கும் தெரியாது.

அம்மம்மா தப்பிவிட்டா. இரண்டு இரவு மனம் குழம்பி, என்னைத் தன்ர தம்பி என்று நினைத்துக் கதைத்தா. பிறகு தெளிந்தா. இப்ப வோக்கர் பிடித்து நடக்கிறா. இதை "ஸ்கான் உயிரைக் காப்பாற்றியது" என்ற கதையாக நான் சொல்லவில்லை. ஸ்கான் இல்லாமலும் தப்பியிருக்கலாம். சாம்பிள் சைஸ் ஒன்றே ஒன்று. ஆனால் அந்தப் பத்து நிமிசம் எனக்கு என்ர சொந்தத் தொழிலை ஞாபகப்படுத்தியது.

பிரஷர் என்பது ஒரு அளவு இல்லை, ஒரு பெருக்கல் கணக்கின் விடை. இதயம் ஒரு நிமிசத்தில் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுது, இரத்தக் குழாய்கள் எவ்வளவு எதிர்ப்புக் காட்டுது, இரண்டையும் பெருக்கினால் வருகிறது. ஜிசிஎஸ்ஈயில் படித்த வி = ஐஆர் ஞாபகம் இருந்தால் அதே கதைதான். இப்ப விடையை மட்டும் தந்து, எது குறைந்தது என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? 24 என்று தந்தால் அது 6 தர 4ஆ, 8 தர 3ஆ?

ஆக, பிரஷர் இறங்கினால் பல காரணம் இருக்கலாம். உடம்பில் தண்ணியோ இரத்தமோ குறைவு. அல்லது மருந்தால் குழாய்கள் விரிந்துவிட்டன. அல்லது இதயமே களைத்துப்போச்சு. அல்லது வால்வு விடுகுதில்லை. அல்லது நுரையீரலுக்குப் போகிற பாதையில் அடைப்பு, அதனால் இதயத்தின் வலப் பக்கம் வீங்கி நிற்குது. இடுப்பு முறிவில் செயற்கை மூட்டை ஒட்ட எலும்புக்குள் சிமெந்து வைக்கிற நேரத்தில் இந்தக் கடைசி வகை நடக்கக்கூடும். மானிட்டரில் எல்லாத்துக்கும் ஒரே எண்தான், ஒரே சத்தம்தான். ஆனால் வைத்தியம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தண்ணி குறைந்தவருக்குச் சேலைன் வேணும். இதயம் களைத்தவருக்கு அதே சேலைனை ஏற்றினால் அது நுரையீரலுக்குள் போய்த் தேங்கும்.

சர்வரில் 500 எரர் வருவது மாதிரித்தான் இது. 500 என்றால் ஏதோ பிழை. என்ன பிழை என்று அது சொல்லாது. நான் கொன்ராக்டில் போன ஒரு இடத்தில் ஒவ்வொரு முறை அலேர்ட் வந்ததும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுகிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார்கள். உண்மையான பிரச்சினை டேட்டாபேஸில் ஒரு லொக். ரீஸ்டார்ட் பண்ணப் பண்ண அது இன்னும் மோசமாகிக்கொண்டு இருந்தது. மூன்று மாதமாக ஒருவரும் லொக்ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை. டாஷ்போர்ட் பச்சையாக வந்துவிடும் இல்லையா, அது காணும்.

அந்த டாஷ்போர்ட்டும் இடைக்கிடைதான் புதுப்பிக்கப்படுகிறது என்பது அடுத்த விசயம். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க சத்திர சிகிச்சை நிபுணர் 1901ல் இத்தாலிக்குப் போய், ரீவா-ரோச்சியின் கைப்பட்டிக் கருவியைப் பார்த்துவிட்டு வந்து, சத்திர சிகிச்சை அறையில் பிரஷர் அளக்கிற வழக்கத்தைப் பரப்பினார். 120 வருசத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் பெரும்பாலான சத்திர சிகிச்சைகளில் கையில் கட்டுகிறது அதே பட்டிதான். அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர் சங்கத்தின் விதிப்படி ஆகக் குறைந்தது 5 நிமிசத்துக்கு ஒருக்கால் அளந்தால் போதும். 5 நிமிசத்துக்கு ஒருக்கால் போலிங் பண்ணுகிற மானிட்டரிங்கை நான் ஒரு வங்கிக்குச் செட் பண்ணிக் கொடுத்தால் என்னைத் திரும்பக் கூப்பிடமாட்டார்கள். இன்னொரு வேடிக்கை, அந்தத் தானியங்கிப் பட்டி மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் நேரடியாக அளக்கிறதே இல்லை. அழுத்த அலையின் ஆட்டத்தைப் பார்த்து நடு அளவைப் பிடிக்கிறது. மற்ற இரண்டும் கம்பனியின் அல்கோரிதம் கணக்குப் போட்டுத் தருகிறது. அந்த அல்கோரிதத்தை அவர்கள் வெளியில் சொல்வதில்லை.

இளம் ஆட்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. எங்கட உடம்பில் கழுத்து நாடியில் ஒரு சென்சர் இருக்கு. பிரஷர் இறங்கினால் அடுத்த சில துடிப்புக்குள் இதயத்தை வேகமாக்கி, குழாய்களை இறுக்கிச் சரிப்பண்ணிவிடும். ஓட்டோஸ்கேலிங் என்று வையுங்கோ. வயசு போகப் போக அது மந்தமாகிவிடும். நாடிகள் விறைத்துப் பழைய ரப்பர் குழாய் மாதிரி ஆகும். இதயத் தசையும் விறைப்பாகி, நல்லா நிரம்பினால்தான் நல்லாத் தள்ளும் என்ற நிலைக்கு வரும். இந்த உடம்பில் புரோப்போஃபோல் போன்ற மயக்க மருந்தைச் செலுத்தினாலோ, முதுகில் ஊசி போட்டாலோ, குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கிற நரம்புக் கட்டளை நின்றுவிடும். பிரஷர் படக்கென்று விழும். வால்வும் ஒடுங்கியிருந்தால் இதயம் கூடத் தள்ளி ஈடுகட்டவும் வழியில்லை. இதயத் தசைக்குப் போகிற இரத்தமே குறையும். மேலே சொன்ன ஆபத்து இதுதான்.

பிரித்தானியாவில் இடுப்பு முறிவு நோயாளிகள் 11,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2016ல் வந்த ஆய்வில், சத்திர சிகிச்சையின்போது பிரஷர் எவ்வளவு கீழே போனதோ அவ்வளவுக்கு ஒரு மாதத்துக்குள் இறந்தவர்களின் வீதமும் கூடியிருந்தது. தொடர்புதான், காரணம் என்று நிரூபணம் இல்லை. ஏற்கெனவே பலவீனமானவருக்குத்தான் பிரஷரும் கூட இறங்கும் என்றும் வாதாடலாம்.

சரி, அந்த ஏஐக்கு வருவம்.

முதல் சிக்கல், "இறங்கிய பிரஷர்" என்றால் என்ன என்பதிலேயே ஒற்றுமை இல்லை. நெதர்லாந்தில் ஒரு குழு 2007ல் 130 ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டினது. அவற்றில் 140 வரைவிலக்கணங்கள் இருந்தன. கட்டுரைகளை விட வரைவிலக்கணம் கூட! அவற்றை 15,509 நோயாளிகளின் பதிவுகளில் ஓட்டிப் பார்த்தால், எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து "பிரஷர் இறங்கியவர்கள்" 5 வீதமாகவும் இருக்கலாம், 99 வீதமாகவும் இருக்கலாம். லேபலே இப்படி என்றால் மொடலைப் பற்றி என்ன சொல்ல?

இப்ப பொதுவாக எடுப்பது சராசரி அழுத்தம் 65க்குக் கீழே ஒரு நிமிசம் இருந்தால் என்ற கோடு. நாங்கள் எபிசோட்டில் புகழ்ந்த மென்பொருள் எட்வர்ட்ஸ் லைஃப்சயன்ஸஸ் கம்பனி கொண்டுவந்தது. நாடிக்குள் இருக்கிற குழாயில் இருந்து வருகிற அலைவடிவத்தை எடுத்து 0 முதல் 100 வரை ஒரு புள்ளி கொடுக்கும். 85ஐத் தாண்டினால் அலாரம். 2018ல் வந்த அதன் முதல் ஆய்வில் எண்கள் பிரமாதமாக இருந்தன.

நாலு வருசம் கழித்து டென்மார்க்கின் ஆர்ஹஸில் இருந்து எனெவோல்ட்சன், விஸ்டிசன் என்ற இரண்டு பேர் அந்தப் பயிற்சி டேட்டா எப்படித் தெரிவு செய்யப்பட்டது என்று உட்கார்ந்து பார்த்தார்கள். "இறங்கப் போகிறது" என்ற வகுப்புக்கு, 65க்குக் கீழே விழுவதற்குச் சில நிமிசத்துக்கு முந்தின துண்டுகளை எடுத்திருக்கிறார்கள். "இறங்காது" என்ற வகுப்புக்கு, 75க்கு மேலே நிலையாக நின்ற துண்டுகளை மட்டும். 65க்கும் 75க்கும் இடையில் நின்றுகொண்டு, விழாமல் தப்பிய துண்டுகள்? அவை டேட்டாவிலேயே இல்லை. விளங்குதா? இப்ப பிரஷர் 72 என்றால், அந்த டேட்டாவில் அதுக்கு ஒரே ஒரு லேபல்தான் இருக்க முடியும். மொடல் அலைவடிவத்தில் ஒளிந்திருக்கிற ரகசியத்தைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இப்ப இருக்கிற பிரஷரைப் பார்த்தாலே பாஸ். சோதனை டேட்டாவும் அதே மாதிரித்தான் பிரிக்கப்பட்டது. அதனால் மார்க்கும் கூட வந்தது. நானும் யூனிவர்சிட்டி இறுதி வருச புரொஜெக்டில் இதே மாதிரி ஒரு பிழை விட்டிருக்கிறேன். 97 வீதம் வந்ததும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். அது வேற கதை.

நியாயமாகவும் சொல்ல வேணும். 2020ல் அம்ஸ்டர்டாமில் 68 பேரோட செய்த சோதனையில் இந்த மென்பொருளைப் பயன்படுத்தினபோது பிரஷர் இறங்கி நின்ற நேரம் 32.7 நிமிசத்தில் இருந்து 8 நிமிசமாகக் குறைந்தது. அதே வருசம் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 214 பேரோட செய்ததில் வித்தியாசம் வரவில்லை. ஒரு அலாரம் முன்கூட்டியே அடிப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் அடித்த பிறகும் "ஏன்?" என்ற கேள்வி அப்படியே நிற்குது.

"அப்ப எண்ணைக் கீழே விடாமல் பிடித்து வைத்திருந்தால் சரிதானே?" என்று கேட்கலாம். கனடாவில் ஹமில்டனில் இருந்து நடத்தின போய்ஸ்-3 என்ற பெரிய ட்ரயல் 7,490 பேரில் இதைச் சோதித்தது. ஒரு பக்கம் சராசரி அழுத்தத்தை 80க்கு மேலே வைக்கப் பார்த்தார்கள், மறுபக்கம் 60க்கு மேலே. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 14 வீதம். வித்தியாசமே இல்லை. ஆனால் பிரான்ஸில் 298 பேரோட செய்து 2017ல் வெளிவந்த ட்ரயலில் எல்லாருக்கும் ஒரே கோடு போடாமல், அவரவரின் வழமையான பிரஷருக்குக் கிட்ட வைத்தார்கள். அதில் உறுப்புப் பாதிப்பு 52 வீதத்தில் இருந்து 38 வீதமாகக் குறைந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எனக்குப் படுவது, எண்ணைத் தூக்குவது மட்டும் வைத்தியம் இல்லை. யாருடைய எண், அவருக்கு அது ஏன் இறங்கினது என்பதுதான் விசயம்.

அல்ட்ராசவுண்ட் அந்த "ஏன்"ஐத் தான் காட்டுகிறது. இதயம் நிரம்புதா, தள்ளுதா, வால்வு திறக்குதா, வலப் பக்கம் வீங்கியிருக்கா, பெரிய நாளம் வெறுமையா. டொப்ளரைப் போட்டால் ஒரு துடிப்புக்கு எவ்வளவு இரத்தம் வெளியே போகுது என்றும் கணக்கிடலாம். வேகக் கமெராவில் உங்கட காரைப் பிடிக்கிற அதே தத்துவம். பெருக்கல் கணக்கின் ஒரு பக்கம் கையில் வந்துவிட்டால் மற்றப் பக்கத்தை ஊகிக்கலாம்.

முன்கூட்டியே சொல்லவும் உதவும். 2016ல் ஹொங்கொங்கில் செய்த ஆய்வு ஒன்றில், மயக்கம் கொடுக்க முதல் ஐ.வி.சி மூச்சோட எவ்வளவு சுருங்குது என்று அளந்தார்கள். 43 வீதத்துக்கு மேல் சுருங்கினவர்களுக்கு மயக்கம் கொடுத்ததும் பிரஷர் விழுகிற வாய்ப்பு நல்லாக் கூட இருந்தது. மொடல் இல்லை, ஜிபியூ இல்லை. பெரிய அகலத்தில் இருந்து சின்ன அகலத்தைக் கழித்துப் பெரிய அகலத்தால் பிரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்யும். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தக் கோடு வேற வேற இடங்களில் விழுந்தது, சிலதில் பலன் குறைவாகவும் இருந்தது. மூச்சை எவ்வளவு ஆழமாக இழுக்கிறார் என்பதைப் பொறுத்தே எண் மாறும். வயிறு பெருத்தவரில் நாளத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

எதிர்வாதங்கள் இதோட முடியவில்லை. சத்திர சிகிச்சை தொடங்கிவிட்டால் நோயாளி துணியால் மூடப்பட்டிருப்பார். நெஞ்சில் கருவி வைக்க இடமே இருக்காது. உணவுக் குழாய்க்குள் விடுகிற டொப்ளர் குழாய் ஒன்று இருக்கு. 2011ல் இங்கே நைஸ் அமைப்பும் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் முதுகு ஊசியோட முழித்திருக்கிற ஒரு அம்மம்மாவின் தொண்டைக்குள் அதை விட ஏலுமா? இரத்த ஓட்டத்தை அளந்து அதுக்கேற்ற மாதிரிச் சேலைனும் மருந்தும் கொடுத்துப் பார்த்த ஒப்டிமைஸ் ட்ரயலிலும், 734 பேரில், சிக்கல்கள் 43 வீதத்தில் இருந்து 37 வீதத்துக்கு இறங்கின. ஆனால் அது தற்செயல் இல்லை என்று புள்ளிவிபரப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஸ்கான் செய்வதால் இறப்புக் குறையுது என்று தீர்ப்புச் சொல்லுகிற பெரிய ட்ரயலும் வரவில்லை. எனக்கு இதெல்லாம் தெரிந்தும் ஏன் ஸ்கான் பக்கம் நிற்கிறேன்? காரணம் தெரியாமல் வைத்தியம் பார்ப்பதுக்கும் ஆதாரம் இல்லை. பழக்கம் மட்டும்தான் இருக்கு.

உண்மையான தடை மெஷின் இல்லை, கை. 2017ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பட்டர்ஃபிளை ஐகியூ, பளிங்குத் துண்டுகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 9,000 நுண்ணிய உணரிகளை ஒரு சிலிக்கன் சிப்பில் வைத்து, ஃபோனில் கொழுவுகிற ஸ்கானரை 2,000 டொலருக்குக் கிட்டக் கொண்டுவந்தது. முந்தி ஒரு அறையை அடைத்து நின்ற மெஷின். விலை பிரச்சினை அங்கேயே பாதி தீர்ந்துபோச்சு. ஆனால் நெஞ்சு எலும்புகளுக்கு இடையில் சரியான இடுக்கைப் பிடித்து, சரியான கோணத்தில் திருப்பி, படத்தை எடுக்கப் பழகுவதுக்கு மாதக் கணக்கில் பயிற்சி வேணும். அம்மம்மாவுக்கு அன்றைக்கு வந்த டொக்டருக்கு அது தெரிந்திருந்தது. அடுத்த நாள் வேறொருவர் முறையில் இருந்திருந்தால்? அதிர்ஷ்டத்தில் ஓடுகிற சிஸ்டம் இது.

ஏஐயைக் கொண்டுவந்து வைக்க வேண்டிய இடம் இங்கேதான் என்பது என்ர வாதம். கப்ஷன் ஹெல்த் என்ற கம்பனியின் மென்பொருளுக்கு 2020ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கருவியைக் கொஞ்சம் இடப் பக்கம் சரி, கொஞ்சம் திருப்பு என்று சட்நாவ் மாதிரி வழிகாட்டும். முன்பின் இதய ஸ்கான் செய்திராத 8 தாதிமார் அதை வைத்துக்கொண்டு 240 பேரை ஸ்கான் செய்தார்கள். இதயத்தின் அளவையும் தள்ளும் பலத்தையும் மதிப்பிட 98.8 வீதமானவர்களில் படம் போதுமானதாக இருந்தது. இது ஆஸ்பத்திரியில் சாவகாசமாகச் செய்தது, நடுச்சாமத்தில் அவசரத்தில் செய்தது இல்லை. இருந்தும் இது எனக்குப் பிடிச்சிருக்கு. ஏனென்றால் இந்த ஏஐ ஆளுக்குப் பார்க்க உதவுகிறது. மற்றது, பார்க்காமலே முடிவெடுக்கச் சொல்லுகிறது. படம் பிழை என்றால் பக்கத்தில் நிற்கிற ஒருவர் "இது சரியில்லையே" என்று சொல்லலாம். 87 என்ற புள்ளியைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

உங்களில் மெடிக்கல் டெக்கில் வேலை தேடுகிற ஆட்கள் இருக்கிறீங்கள், ஈமெயில் போடுகிறீங்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன். அடுத்த ஊகிக்கிற மொடலைக் கட்ட ஆயிரம் பேர் நிற்கிறார்கள்.

இனி வீட்டுப் பக்கம். சிஸ்டம் எவ்வளவு கெட்டித்தனமாக இருந்தாலும் இன்புட் நாங்கள்தான். அம்மம்மாவின் உடம்பில் ஏன் தண்ணி இருக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தெளிவான பானத்தை மயக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னம் வரைக்கும் குடிக்கலாம் என்பதுதான் பொதுவான விதி. தாதி தண்ணி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறா. அம்மம்மா தொடவில்லை. கேட்டதுக்கு, "குடிச்சா ஒண்டுக்குப் போக வேணும். அந்தப் பிள்ளையளைக் கூப்பிட்டுச் சட்டி கேக்க வெக்கமாக் கிடக்கு" என்றா. இந்த வெட்கம் எந்த மானிட்டரிலும் வராது. எந்தப் பயிற்சி டேட்டாவிலும் இல்லை. அவவின் மொழியில் பக்கத்தில் இருந்து கேட்கிற ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

குளிசை விசயமும் அப்படித்தான். ராமிப்ரில், லொசார்டன் மாதிரியான பிரஷர் குளிசைகள் மயக்கத்தோட சேர்ந்து பிரஷரை இன்னும் கீழே இழுக்கக்கூடியவை. கடைசியாக எப்ப போட்டவா என்று டொக்டர் கேட்டால் "காலமை போட்டிருப்பா" என்று சும்மா சொல்லாதீங்கோ. பெட்டியை எடுத்து எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கோ. நிறுத்துவதோ தொடருவதோ அவர்கள் முடிவு, எங்கட முடிவு இல்லை. இன்னொன்று, மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. கேட்டால் தருவார்கள், ஃபோனிலாவது. நான் அன்றைக்குக் கேட்கவில்லை; "வால்வு ஒடுக்கம்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "குழாய் கொஞ்சம் அடைச்சிருக்காம்" என்று சொல்லி அம்மம்மாவைப் பயப்படுத்தினதுதான் மிச்சம்.

வைகாசியில் அம்மாவுக்கு முழங்கால் மாற்று சத்திர சிகிச்சை. ஆர்கோஸில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கினேன். காலமையும் பின்னேரமும் அளந்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எண்ணைப் போட வேணும் என்பது ஏற்பாடு. முதல் கிழமை அம்மா "138/81, தேத்தண்ணி குடிச்சாச்சு, சும்மா பயப்படுத்தாதை" என்று போட்டா. அதை ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மருந்துப் பெயர்கள் இரண்டாவது டாப்பில். முன்பரிசோதனைக்குப் போகும்போது அதை அச்சடித்துக் கொண்டுபோவேன். மயக்க மருந்து டொக்டரிடம், இதயத்தை ஒருக்கால் ஸ்கானில் பார்ப்பீங்களா என்றும் கேட்கப்போகிறேன். "தேவையில்லை" என்று சொன்னால், ஏன் தேவையில்லை என்று கேட்பேன்.